காரணம் சொல்லாத மதாம்

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணி 42 நிமிடம். சுண்ணாம்பாற்றின் மேல் படிந்திருந்த பனி விலகி அரை மணி நேரம் ஆகியிருந்தது. வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று. கரையோரத் தென்னைகளில் ஓலை நுனி மட்டும் அசைந்தது. வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. தண்ணீரில் சுருக்கமே இல்லை. இந்த விளையாட்டுக்கு இதைவிட நல்ல காலை வாய்க்காது என்று படகோட்டி சலீம் சொன்னான். அந்த நிமிடத்தில் என் வலது கையில் ஒரு முழ நீளச் சிறு கயிறு இருந்தது. அதை நான் இழுத்தேன்.

இழுத்திருக்கக் கூடாது.

எதை இழுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் சறுக்கிக்கொண்டே வித்தை காட்டும் போட்டி அது. படகு ஒரே வேகத்தில் போகும். அதன் பின்னே கயிற்றைப் பிடித்தபடி, குட்டையான ஒற்றைப் பலகையில் நின்று வருபவர், இருபது வினாடிக்குள் தன்னால் முடிந்த திருப்பங்களையெல்லாம் செய்து காட்ட வேண்டும். பிறகு படகு திரும்பி வரும். இன்னொரு இருபது வினாடி. அவ்வளவுதான் போட்டி. ஒவ்வொரு திருப்பத்துக்கும் புள்ளி உண்டு. கயிற்றைக் கையில் பிடித்துச் சுற்றினால் குறைவு. கயிற்று நுனியில் உள்ள வாரில் ஒரு பாதத்தை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, காலை இழுக்கவிட்டுச் சுற்றினால் அதிகம். ஆபத்தும் அதிகம். விழுந்தால் பாதம் வாரிலிருந்து சட்டென்று வராது. படகு நிற்காமல் இழுக்கும். முழங்கால் திருகிக்கொள்ளும். அதனால் படகில் ஓர் ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். பெரிய கயிறு ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். கொக்கியோடு இணைந்த சிறு கயிறு அவர் கையில் இருக்கும். சறுக்குபவர் விழுந்த கணத்தில் அதை இழுத்தால் பெரிய கயிறு முழுதும் கழன்று போகும், கால் தப்பும். பிந்தி இழுத்தால் முழங்கால் போச்சு. முந்தி இழுத்தால் ஆட்டம் போச்சு. அந்த ஆளைப் போட்டியாளரே அழைத்துவர வேண்டும். அவர் செய்கிற பிழை போட்டியாளரின் பிழையாகவே எழுதப்படும்.

படகுத்துறையில் அந்த ஆளுக்குக் கொக்கிக்காரர் என்று பெயர். மூன்று வருடம் நான் மதாமின் கொக்கிக்காரராக இருந்தேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் மதாம்; பெண்களை மரியாதையாக அழைக்கும் பிரெஞ்சுச் சொல். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மதாம் வளர்ந்தது பிரான்சில் ஓர் ஏரிக்கரை ஊரில். இருபத்தேழாவது வயதில் இங்கே திரும்பி வந்தார். ஏன் வந்தார் என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். "வந்துட்டேன் அக்கா" என்றார் மதாம். அதுதான் முழுப் பதில். கடற்கரைப் பக்கத்து விருந்தினர் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வாங்கிவந்து துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற சலவைக்கடை வைத்திருந்தார். விரிப்புகளை உலர்த்துவது மொட்டைமாடியில். எட்டுக் கொடி, ஒரு கொடிக்கு ஆறு விரிப்பு, ஆக நாற்பத்தெட்டு. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

நான் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். கிணறு, மாடு, தையல் மெஷின், கூரை வீடு, ஓட்டு வீடு என்று எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றேன். பழக்கம் விடவில்லை. கூடவே ஒரு பதற்றமும் உண்டு. கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா, கதவு பூட்டியிருக்கிறதா என்று மூன்று முறை பார்க்காமல் என்னால் தெருவில் இறங்க முடியாது. தினமும் மாலை ஐந்தரைக்கு மாடியில் அறுபது சுற்று நடப்பேன். 2015இல் ஒரு நாள் முப்பத்தோராவது சுற்றில் எதிர்மாடியைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் தூணில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதன் நுனி மதாமின் வலது பாதத்தில் மாட்டியிருந்தது. அவர் ஒற்றைக் காலில் நின்று, சோப்பு நுரை கொட்டிய தரையில், தொங்கும் விரிப்புகளுக்கு நடுவே வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

"மதாம்! கால் மாட்டிக்கிச்சா? ஆளக் கூப்பிடட்டா?" என்று கத்தினேன்.

"மாட்டிக்கல முசியே. நானாத்தான் மாட்டியிருக்கேன்."

ஐயா என்பதற்கு அவர் வாயில் முசியே. அவர் மறுபடியும் சுற்றினார். எனக்கு நடக்க முடியவில்லை. விழுந்தால் மண்டை தொட்டிச் சுவரில் மோதும். இடைவெளி இரண்டரை அடிகூட இருக்காது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடித்துவிட்டு அவர் காலைக் கழற்றினார்.

"எத்தன சுத்து சுத்தனேன், பாத்தீங்களா?"

"பதினேழு. அதுல நாலு தடவ தடுமாறுனீங்க. ஒம்பதாவதுல ரொம்ப."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தப்பாக நினைத்துவிட்டாரோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் காலை வீட்டுக்கே வந்தார். முன்பு இருந்த கொக்கிக்காரன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு வினாடி பிந்தி இழுத்ததில், தன் முழங்காலுக்கு மூன்று மாதம் கட்டுப் போட்டிருந்ததைச் சொன்னார்.

"எனக்குக் கண்ண எடுக்காத ஆளு வேணும் முசியே. நீங்க வாங்க."

"நானா? எனக்குத் தண்ணின்னாலே பயம் மதாம்."

"அதான் கேக்கறேன். தைரியசாலி 'எழுந்துடுவா, எழுந்துடுவா'ன்னு பாத்துக்கிட்டே இருப்பான். பயந்தவன்தான் டக்குனு இழுப்பான்."

என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "கூட்டினு போங்க மதாம். வீட்டுல ஒக்காந்து என் மாத்திரைய எண்ணிக்கினு இருக்காரு."

இப்படித்தான் அறுபத்து நான்காவது வயதில் நான் படகேறினேன். மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினொரு காலைகள். ஏழு போட்டிகள். நான் வருவதற்கு முன் அவர் கலந்துகொண்டவற்றையும் சேர்த்தால் பதினான்கு. அவற்றில் கடைசி இடம் ஆறு முறை, கடைசிக்கு முந்தைய இடம் ஐந்து முறை. ஒருமுறை நான்காவது. மற்ற இரண்டில் எத்தனையாவது என்று அவரே மறந்துவிட்டார், அல்லது மறந்ததாகச் சொன்னார்.

மாடியில் அத்தனை அழகாகச் சுற்றுகிறவர் போட்டியில் ஏன் தோற்கிறார் என்பது எனக்குத் தாங்கவில்லை. ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு போட்டிக்கும் காரணங்களைக் குறித்து வைத்தேன். ஓரிடத்தில் குறுக்குக் காற்று. ஓரிடத்தில் முன்னே போன படகின் அலை. ஓரிடத்தில் நடுவர்கள் மூவரில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நானே பார்த்தேன். கேரளத்தில் ஓர் ஏரியில் படகின் வேகம் அவர் கேட்டதைவிடக் குறைந்தது. வேகம் குறைந்தால் உடனே முறையிடலாம், மறுபடி ஓடவிடுவார்கள். நான் எண்களோடு ஓடினேன். அவர் கரையில் ஈரத் தலையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மதாம், எழுந்திரிங்க. இன்னும் பத்து நிமிஷந்தான் டைம். மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் கொறஞ்சிருக்கு. எழுதிக் கொடுத்துடலாம்."

"ஒக்காருங்க முசியே. உங்க டீ ஆறுது."

"நீங்க விழல மதாம், படகு விழ வச்சிடுச்சி."

"பத்தல முசியே. அவ்ளோதான்."

பத்தல. ஒவ்வொரு தோல்விக்கும் அவர் சொன்னது இந்த ஒரு சொல்தான். முன்பெல்லாம் பிரெஞ்சில் 'தாம் பீ' என்பாராம். போனால் போகட்டும் என்பது மாதிரி. ஒரு போட்டி முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது அதைச் சொல்லியிருக்கிறார். சலீம் இலையை நகர்த்திவிட்டு, "அக்கா, சோறு துன்ற நேரத்துல இன்னா வார்த்த அது?" என்று கேட்டிருக்கிறான். மதாம் புரியாமல் விழித்து, பிறகு புரிந்து, புரையேறும்வரை சிரித்தாராம். அன்றிலிருந்து தமிழுக்கு மாறிவிட்டார்.

தோற்ற நாளில் நன்றாகச் சாப்பிடுவார். மூன்று பரோட்டா, சில நாள் நான்கு. கயிற்றையும் மிதவைச் சட்டையையும் நல்ல தண்ணீரில் அலசி வண்டியில் போடுவார். சாயங்காலம் கடையில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடுதிக் கம்பளிகளைத் தானே மிதித்துத் துவைப்பார். மெஷின் இருக்கும். அதில் போடமாட்டார். கேரளத்திலிருந்து திரும்பிய மறுநாள் இருபத்திரண்டு கம்பளி. அதை உலர்த்த மாடிக்கு வந்தவர், இரண்டு ஈர விரிப்புகளுக்கு நடுவே போய் நின்றார். கீழே பாதங்கள் மட்டும் தெரிந்தன. தொட்டித் தூணில் நெற்றியை வைத்திருந்தார் போலும். விரிப்பில் நிழல் அப்படித்தான் விழுந்தது. நான் தொண்ணூறுவரை எண்ணினேன். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் வெளியே வந்து, "காத்து நல்லா இருக்கு முசியே, சீக்கிரம் காஞ்சிடும்" என்றார்.

ஒருநாள் என் நோட்டை வாங்கிப் படித்தார். ஏழு போட்டிக்கு முப்பத்தொரு காரணம் எழுதியிருந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு மூடிக் கொடுத்தார்.

"உங்க நோட்டுல நான் ஒரு தடவகூடத் தோக்கலயே முசியே. காத்து தோத்துருக்கு, படகு தோத்துருக்கு, அந்தக் கண்ணாடிக்கார நடுவரு தோத்துருக்காரு. நான் எங்க இருக்கேன் இதுல?"

கிண்டல்தான். ஆனால் சிரித்துக்கொண்டே கேட்கவில்லை.

இந்தக் குணத்தை நல்ல குணம் என்றே அப்போது நினைத்தேன். இப்போது எனக்கு அத்தனை உறுதி இல்லை. லூர்துமேரி என்று ஒரு பெண் சலவைக்கடையில் வேலை செய்தாள். ஒரு நாள் நீலத் திரைச்சீலையையும் நாற்பது வெள்ளை விரிப்பையும் ஒரே தடவையில் மெஷினில் போட்டுவிட்டாள். நாற்பதும் வெளிறிய நீலத்தில் வந்தன. விடுதி மேலாளர் கடைக்கே வந்து கத்தினார். நான் என் வேட்டியை வாங்கப் போனவன் அங்கே மாட்டிக்கொண்டேன்.

"யாரு போட்டது இத? யாருன்னு சொல்லுங்க."

"நான்தான் போட்டேன்" என்றார் மதாம்.

மேலாளர் போனபிறகும் லூர்துமேரியிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மூட்டையை அவிழ்த்தார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, நல்ல இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"நாலு திட்டு திட்டியிருந்தா அழுதுட்டு மறந்திருப்பேன் சார். அக்கா ஒன்னுமே சொல்லல. தெனமும் அந்த மூஞ்சப் பாத்து வேல செய்ய முடியல."

நன்றி கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிப்ரவரி 18க்கு வருகிறேன். அது தகுதிப் போட்டி. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான குழு ஒன்று வெளிநாட்டுக்குப் போவதாக இருந்தது. ஆயிரத்து இருநூறு புள்ளி எடுத்தால் குழுவில் இடம். மதாமுக்கு அப்போது நாற்பத்தொன்று. போட்டி நடக்கவிருந்த ஏரி, அவர் சிறுமியாக இந்த வித்தையைக் கற்றுக்கொண்ட அதே ஊரில் இருந்தது. இதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. அறிவிப்புத் தாளில் ஊர்ப் பெயரைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். பயிற்சியில் அவர் மூன்று முறை ஆயிரத்து இருநூறைத் தாண்டியிருந்தார். போட்டியில் ஒருமுறைகூட இல்லை. ஜனவரி முழுக்க விடியற்காலையில் ஆற்றுக்குப் போனோம். அந்த மாதத்தில் அவர் விழுந்தது நூற்று ஆறு தடவை. நூற்று ஆறு தடவையும் சரியான கணத்தில் இழுத்தேன். "உங்க கை கடிகாரம் மாரி முசியே" என்றார். மூன்று வருடத்தில் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

முதல் இருபது வினாடி கை வித்தைகள். அறுநூற்று நாற்பது. ஒரு பிசகும் இல்லை. படகு திரும்பியபோது சலீம் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். மதாம் பாதத்தை வாரில் மாட்டினார். இனி வேண்டியது ஐநூற்று அறுபது. அவர் எழுதிக் கொடுத்திருந்த பட்டியலில் கால் வித்தைகள் ஐந்து: நூறு, நூறு, நூறு, இருநூறு, இருநூறு. எழுநூறு வரும்.

முதல் நூறு. இரண்டாவது நூறு. மூன்றாவது நூறு. நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது வினாடி. நான்காவது வித்தை, காலால் முழுச் சுற்று. முதுகு எங்கள் பக்கம் வந்தது. இடது தோள் தாழ்ந்தது. பலகையின் ஓரம் தண்ணீரைக் கிழித்தது.

அந்தத் தோள் தாழ்வதை நான் மாடியில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஒன்பதாவது சுற்றுத் தடுமாற்றம். அவர் எப்போதும் அதிலிருந்து எழுந்துவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், தொண்ணூறுவரை நான் எண்ணிய அந்த நிழல் கண்முன் வந்தது. முழங்கால் வந்தது. ஏரி வந்தது. கை இழுத்துவிட்டது.

கயிறு கழன்று தண்ணீரில் நீண்டு கிடந்தது. மதாம் விழவில்லை. பலகையில் நேராக, முகம் எங்களைப் பார்த்தபடி நின்றார். சுற்றை முடித்திருந்தார். ஆனால் கயிறு கழன்ற பிறகு முடித்த வித்தைக்குப் புள்ளி கிடையாது. இழுவை இல்லாததால் பலகை மெதுவாக அடங்க, அவர் நின்றவாறே தண்ணீருக்குள் இறங்கினார்.

"பெரியவரே, இன்னா பண்ணீங்க? அக்கா விழவே இல்லயே!" என்றான் சலீம்.

"நான் இழுக்கல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லி முடித்ததும் அதுவே உண்மை போல் தோன்றிவிட்டது. கொக்கி தானாகக் கழன்றது. கருவி பழுதென்றால் மறு ஓட்டம் உண்டு என்று விதி இருந்தது. அந்த விதிப் புத்தகத்தில் நான் படிக்காத பக்கம் இல்லை. அவருக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். கரையேறியதும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடுவர் மேசைக்குப் போனேன். முறையீட்டுக்குக் கட்டணம் இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய். முறையீடு தள்ளப்பட்டால் திரும்பக் கிடைக்காது. கட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். படகின் கொக்கி சரியாகப் பூட்டாமல் போட்டியாளர் விழாத நிலையில் தானாகத் திறந்துகொண்டது என்று பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

தலைமை நடுவர் முதலில் சலீமைக் கூப்பிட்டார். கொக்கியைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

"காலையில நானே மாட்டி எட்டு தடவ இழுத்துப் பாத்தேன் சார்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. "பழுதுன்னு எழுதுனீங்கன்னா ஓனரு இனிமே எனக்குப் படகு குடுக்க மாட்டாரு சார். எனக்கு வேற தொழிலு தெரியாது."

நான் அருகில்தான் நின்றேன்.

பிறகு மதாமைக் கூப்பிட்டார்கள். தோளில் துண்டோடு வந்தார். காலில் வாரின் தடம் சிவந்திருந்தது. நடுவர் என் தாளைப் படித்துக் காட்டினார்.

"கொக்கி தானாக் கழண்டதுன்னா உங்களுக்கு இன்னொரு ஓட்டம் குடுக்கறோம், மதாம். தண்ணி இன்னும் நல்லாத்தான் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு 'ஆமாம்' போதும். ஆயிரத்து முந்நூற்று நாற்பதுகூட வந்திருக்கும். அவர் சலீமைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான்கு வினாடி. அதில் கோபம் இருந்திருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

"கொக்கி நல்லாத்தான் இருந்துச்சி. என் ஆளு இழுத்தாரு."

"ஏன் இழுத்தாரு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பழக்கமில்லாத காரியம் அல்லவா?

"பயந்துட்டாரு" என்றார். உடனே, "நான் தடுமாறுனேன். பாத்து இழுக்கறதுதான் அவரு வேல. கூட்டினு வந்தது நான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து ஒரு காரணத்தைக் கேட்கவேண்டும் என்று நான் துடித்திருக்கிறேன். ஒரே ஒருமுறை சொன்னார். அதுவும் நான் ஒருவன்மேல் போட்ட பழியை எடுப்பதற்காகச் சொல்ல நேர்ந்தது. என் முறையீடு தள்ளப்பட்டது. தொள்ளாயிரத்து நாற்பது என்று புள்ளிப் பலகையில் எழுதினார்கள்.

திரும்பும்போது வண்டியில் எங்களுக்குப் பின்னால் துவைக்க வேண்டிய விரிப்பு மூட்டைகள். அரியாங்குப்பம் தாண்டியதும் நான், "மதாம், நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் முசியே. ஒன்னு சொல்லியாச்சு. அது போதும்."

பரோட்டாக் கடையில் வண்டி நிற்கவில்லை.

அதன்பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாடியில் பார்த்தால், "முசியே, மழை வரும்போல" என்பார். நான் நடக்கிற நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். ஐந்து மாதம் கழித்து இன்னொரு போட்டி வந்தது. முடிவுகளைத் தெரிந்துகொள்ளப் படகுத்துறைக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் அவருடைய வித்தைப் பட்டியல் ஒட்டியிருந்தது. பதினாறு வித்தை. பதினாறும் கை வித்தை. கால் வித்தை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் எண்ணூற்று இருபதுக்குமேல் வராது. எழுநூற்றுத் தொண்ணூறு எடுத்துக் கடைசியாக வந்திருந்தார்.

சலீம் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தவில்லை.

"கால் வித்தைய ஏம்ப்பா எடுத்துட்டாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குக் கொக்கிக்காரரு வேணுமே."

"நீ வேற யாரையாவது..."

"கேட்டனே. என் மச்சான் வரேன்னான். அவன் நல்லாத்தான் இழுப்பான்." வாளித் தண்ணீரை வீசி ஊற்றினான். "அக்கா இன்னா சொன்னாங்க தெரியுமா? 'எனக்கு ஆளு இருக்காரு சலீம்'னாங்க. அதுக்குமேல நான் இன்னா சொல்றது? நீங்களும் வரல."

லாஸ்பேட்டைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது இன்றைக்கே போய்ப் பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். தெருவில் இறங்கியதும், அவர் களைத்திருப்பார், நாளைக்குப் போகலாம் என்று தோன்றியது. எதிர்வீட்டு வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் இருபத்தாறு அடி. ஒரு வருடம் நான்கு மாதம் அந்த இருபத்தாறு அடியை நான் கடக்கவில்லை. என்ன சொல்வது என்று பதினைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். பதினைந்திலும் என் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

2019 நவம்பரில் அவர் கடையை விற்றுவிட்டு பிரான்சுக்குப் போனார். அங்கே ஓர் அக்கா இருந்தார். ஏன் போகிறார் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் 'போறேன்' என்றுதான் பதில் வரும். கிளம்பும் நாள் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுப் படியேறினார். என் மனைவியின் கையைப் பிடித்து விடைபெற்றார். பிறகு என்னிடம் ஓர் உறையை நீட்டினார்.

"இது உங்களுது முசியே. அன்னிக்கு மேசையில கட்டுனது. இவ்ளோ நாளா மறந்துட்டேன்."

"மதாம், அது நான் செஞ்சதுக்கு நான் கட்டுனது. அது என்கிட்டயிருந்து போனதாவே இருக்கட்டும். தயவுசெஞ்சி எடுத்துட்டுப் போங்க."

"எனக்காகத்தான கட்டுனீங்க" என்றார். உறையை நாற்காலிக் கையில் வைத்தார். வாசலில் திரும்பி, "கால் வித்தைய மறக்கல. மாடியில செஞ்சிக்கினுதான் இருந்தேன். நீங்கதான் காலையில நடக்க ஆரம்பிச்சிட்டீங்க" என்றார். கார் கதிர்காமம் பக்கம் திரும்பும்வரை என் மனைவி தெருவில் நின்று கையசைத்தாள். நான் உள்ளே இருந்தேன்.

உறையைப் பிரித்தேன். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஐந்து. கொடுத்தது முழுசாக என் கைக்கு வந்துவிட்டது. அன்று அவர் இழந்தது நானூறு புள்ளி, ஓர் ஏரி, அதன்பின் அவருக்கு மிகவும் பிடித்த ஐந்து வித்தை. சலீமுக்கு ஒரு காலைப்பொழுது வீணாய்ப் போனது. அந்த இழுப்புக்கு, எல்லாம் கழித்துப் பார்த்தால், எனக்கு ஆன செலவு மொத்தம் பூஜ்யம்.